முதல் பாராவில் வந்த லாரி

போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசல் கேட்டைத் திறந்தால் — குடங்கள்.

ஒன்றிரண்டு இல்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை வீட்டுக் குடங்களும் எங்கள் ஃப்ளாட் கேட்டில் ஆரம்பித்து எதிர்ப்பக்க வேப்பமரம் வரை வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக். நடுநடுவே எவர்சில்வர். குழந்தையைக் குளிப்பாட்டும் டப் ஒன்று. குடங்களுக்குப் பின்னால் அவற்றின் சொந்தக்காரர்கள், தெருக்கோடியையே பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

தண்ணீர் லாரிக்குத்தான் நிற்கிறார்கள் என்று புரிந்தது. ஆனால் எங்களுக்கு லாரி செவ்வாயும் சனியும்தானே? அதுவும் பிள்ளையார் கோயில் முனையில்தானே நிற்கும்? வியாழக்கிழமை, வேப்பமரத்தடியில் என்ன வேலை? தூக்கக் கலக்கத்தில் பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் முழித்தேன்.

எதிர் வீட்டு வைதேகி மாமி என்னைப் பார்த்துவிட்டார்.

"வாடியம்மா விஜி! ஆறு மணின்னு போட்டிருந்தியே... லாரி எங்கடி?"

"நான் போட்டேனா மாமி?"

மாமி இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஜெராக்ஸ் தாள். என் கையெழுத்து. ஆனால் மாமி கையில் இருந்தது அறிவிப்பு இல்லை.

என்னுடைய சிறுகதை.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவள் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று — இரண்டு வருஷமாக நான் ஒரு பத்திரிகையும் நடத்துகிறேன். பெயர் 'ஒரு தாள்'. மாதம் ஒரு தாள், அதில் ஒரே ஒரு சிறுகதை. ஆசிரியர், எழுத்தாளர், ஓவியர், பிழை திருத்துபவர் எல்லாம் அடியேன்தான். கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பேன்.

ஏன், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையிலேயே கதை எழுதலாமே என்கிறீர்களா? கேட்டுப் பார்த்தேன். "அனுபவம் எழுதுறீங்களே, அதுவே போதும்மா" என்று ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்ட விதத்தில் மரியாதையைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

முதல் இதழை அடையாறில் ஒரு தோழிக்கும் பெசன்ட் நகரில் ஒரு தோழிக்கும் தபாலில் அனுப்பினேன். அடையாறு தோழி உடனே பதில் போட்டாள்: 'கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.' அவ்வளவுதான் கடிதம். பெசன்ட் நகர் தோழி போனே செய்துவிட்டாள். "விஜி, வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு? தனியா உக்காந்து ஏதேதோ எழுதறியே?"

தபால் சரிப்படாது, நம் தெரு மக்களே போதும் என்று முடிவு செய்தேன். விநியோகத்துக்கு ஆள் கிடைத்தார் — கஜேந்திரன்.

கஜேந்திரனுக்கு ஐம்பது வயது இருக்கும். வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டி. எங்கள் தெருவில் எந்தச் சட்டைக்கு எந்த பட்டன் இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுப்பவர் என்பதால், 'துணிக்கு நடுவில் இந்தத் தாளையும் வைத்துக் கொடுங்கள்' என்று கேட்டேன். "அதுக்கின்னாம்மா, வச்சிட்டாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து என் கதைகள் சலவை மணத்தோடும் இளஞ்சூட்டோடும் வாசகர் கையில் போய்ச் சேர்ந்தன. இப்படி எந்த எழுத்தாளருக்கு வாய்க்கும்?

நடுவில் ஒரு மாதம் எனக்கு ஜுரம். இதழ் வரவில்லை. இரண்டாம் மாடி ராகவன் சார் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"இந்த மாசம் 'ஒரு தாள்' வரலையே மேடம்?"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசகர்! தேடிவந்து கேட்கிற வாசகர்!

"ரொம்ப சிரமமாப் போச்சு," என்றார் அவர். "அந்தத் தாள் நடுவுல இருந்தா சட்டை காலர் நல்லா விறைப்பா நிக்கும். இந்த மாசம் பூரா மடங்கி மடங்கிப் போச்சு."

அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது. என் கதையை யாராவது படிக்கிறார்களா?

ஜெராக்ஸ் கடை ஜாஃபர் பாயிடம் புலம்பினேன். தி.நகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. ஒவ்வோர் இதழும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

"நீங்களாவது படிக்கிறீங்களா பாய்?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? போன மாசக் கதை சூப்பர்! ஒரு லைன்கூட மங்கல."

பாய்க்கு இலக்கியம் என்றால் கறுப்பு நன்றாக விழவேண்டும். இருந்தாலும் ஒரு யோசனை சொன்னார். "ஃபுல்லா எழுத்தாவே கீது மேடம். பாக்கும்போதே கண்ணு சொருகுது. பப்ளிக்குக்கு இன்னா வேணும்னு கேளுங்க. கேட்டு அதைப் போடுங்க."

கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு — 'இந்த இதழில் என்ன மாற்றம் வேண்டும்?' கஜேந்திரன் மூலமாகவே துணியோடு அனுப்பி, பதிலையும் அவர் மூலமாகவே வாங்கினேன். இரண்டு வருஷத்தில் ஒரு வரி விமரிசனம் எழுதாத தெரு, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தது.

பிரதோஷம், ஏகாதசி எப்போது என்று போடவும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரும் நாளைப் போடவும். எங்கள் வீட்டுக் குடையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், பெயர் வேண்டாம், ஜாடையாகப் போடவும். வைதேகி மாமி மட்டும் நேரிலேயே வந்துவிட்டார். "கதை நன்னாத்தாண்டி இருக்கு. ஆனா கதைக்கு நடுவுல ஒரு துவையல் போட்டா என்ன? படிச்சுண்டே அரைச்சுடலாமோன்னோ?"

எடுத்தேன் கத்தரியை. கதையைக் குறைத்து, பின்பக்கத்தில் 'தெருச் செய்திகள்' ஆரம்பித்தேன். அடுத்த மாதமே அது முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த மாதம் துவையலுக்குத் தனிக் கட்டம். குடை கிடைத்துவிட்ட செய்திக்கு ஒரு கட்டம், எடுத்தவர் கோபித்துக்கொண்டதற்கு மறுப்புக் கட்டம். கதை கீழே இறங்கி, ஓரத்துக்குப் போய், கடைசியில் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு காதல் ஜோடி சந்திக்கலாம். பிரிய இடம் போதாது.

ஆனால் இதழுக்கு மவுசு ஏறிப்போனது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கிப் போனார்கள். கோயிலில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேப்பர் இல்லேன்னா இந்த அமாவாசையே தெரிஞ்சிருக்காதும்மா" என்று உருகினார். நான் அமாவாசைக்காகவா பேனா பிடித்தேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரைப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க என் கதையைப் படிக்கிறீங்களா இல்லையா?"

"விடாம படிக்கிறேனே!"

"போன மாசக் கதையில கதாநாயகி பேர் என்ன?"

விட்டத்தைப் பார்த்தார். "ம்... கமலா?"

"அதுல பொம்பளையே கிடையாது."

"அதான் பார்த்தேன்... அவ வரவே இல்லையேன்னு," என்றார் மனிதர், கொஞ்சம்கூடக் கூசாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அறிவித்துவிட்டேன். இன்னும் ஒரே ஓர் இதழ். அதில் வருகிற கதையை முழுசாகப் படித்த ஒரே ஓர் ஆள் இந்தத் தெருவில் கிடைத்தால் தொடர்வேன். இல்லையென்றால் 'ஒரு தாள்' நின்றது. பேனாவை மூடி வைத்துவிட்டு நானும் எல்லோரையும் போல சாயங்காலம் டிவி சீரியல் பார்க்கிறேன்.

வாய்வீச்சாகச் சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆபீசில் நான் எழுதுவதெல்லாம் 'மேற்படி விஷயமாக' என்று ஆரம்பித்து 'ஆவன செய்யவும்' என்று முடியும். மாதத்தில் ஒரு தாளாவது என் இஷ்டத்துக்கு எழுதுகிறேனே என்பதில்தான் எனக்குச் சந்தோஷம். அதுவும் போய்விட்டால்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தெருச் செய்திகளை எல்லோரும் படிக்கிறார்கள், கதையை யாரும் தொடுவதில்லை. சரி... கதையைச் செய்திகளுக்கு நடுவே உட்கார வைத்தால்? தலைப்பு கிடையாது, படம் கிடையாது, 'சிறுகதை' என்ற அபசகுனம் பிடித்த வார்த்தையே கிடையாது. ஏகாதசியைப் படித்து, மண்ணெண்ணெயைப் படித்து, அதே வேகத்தில் என் கதைக்குள் வந்து விழுந்துவிட மாட்டார்களா? முதல் பாரா தெரு அறிவிப்பு போலவே இருக்கவேண்டும். அதுதான் தூண்டில்.

இப்படி எழுதினேன்:

'வருகிற வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் தெரு வேப்பமரத்தடிக்குக் கூடுதலாக ஒரு தண்ணீர் லாரி வருகிறது. யார் வேண்டுமானாலும் எத்தனை குடம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.'

அடுத்த பாரா: 'இப்படி ஒரு முழுப் பொய்யைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்த சரோஜா, கதவைத் தாழிட்டுக்கொண்டு சிரித்தாள்.'

சரோஜா என் கதாநாயகி. எப்போது போனாலும் அவளுடைய குடம் வரிசையில் கடைசி. அதனால் ஊரையெல்லாம் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, நிஜ லாரி வருகிற பிள்ளையார் கோயில் முனைக்குத் தனியாகப் போகிறாள். லாரி வருகிறது. வரிசையே இல்லை. ஆனால் குழாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை, குடத்தைத் தூக்கிவிட ஓர் ஆள் இல்லை. ஒரு குடம் நிறைத்ததும் என்னவோ போலாகி, எல்லோரையும் கூப்பிட ஓடுகிறாள். அதோடு முடிகிறது. நான் இதுவரை எழுதியதில் இதுதான் உருப்படியான கதை என்று இப்போதும் சொல்வேன்.

இனி வியாழக்கிழமைக்கு வாருங்கள்.

மாமியின் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். முதல் பாராவைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம். பக்கத்து வீட்டு அம்மாள் அந்த ஒரு பாராவை மட்டும் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாராம், மறந்துவிடப் போகிறதே என்று. எனக்கு விஷயம் உறைத்தது. இரண்டாவது பாராவின் முதல் வரியைப் படித்திருந்தால் போதும், ஒருத்தர்கூட வந்திருக்க மாட்டார்கள். என் கதையை எத்தனை பேர் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கெடுப்பு உண்டா? கண்ணெதிரே, கலர் கலராக, வரிசையாக!

அப்போதுதான் மூளை திருப்பிப் போட்டு யோசித்தது. வந்தவர்கள் படிக்காதவர்கள். அப்படியானால்... வராதவர்கள் படித்தவர்கள்!

பரபரப்பாகக் கூட்டத்தைத் துழாவினேன். "மாமி, ராகவன் சாரைக் காணோமே?"

"அவர் தஞ்சாவூர் போயிருக்காரே, மச்சினி கல்யாணத்துக்கு."

"மூலை வீட்டு டாக்டர்?"

"அவாத்துலதான் போர் போட்டாச்சே! அவா எதுக்கு வரா?"

"முதல் மாடியில புதுசா கல்யாணம் ஆனவங்க..."

"இந்நேரத்துக்கு எழுந்துப்பாளா, போடி," என்றார் மாமி.

என் வாசகர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே நம்பிக்கை. என் கணவர் வரவில்லை! அவ்வளவு பேசியதற்கு இந்த முறையாவது மனிதர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்து போனேன்.

பின்னால் டங்கென்று சத்தம். என் கணவர். மடித்துக் கட்டிய வேட்டி. இரண்டு கையிலும் இரண்டு குடம், தோளில் பக்கெட்.

"நீங்களுமா?" என்றேன்.

"நீதானே விஜி எழுதியிருந்தே... எத்தனை குடம் வேணும்னாலும்னு?"

வாசல்படி மேல் ஏறி நின்று பொதுவில் சரணடைந்தேன். லாரி வராது, அது வெறும் கதை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி, ஆதாரத்துக்கு இரண்டாவது பாராவை உரக்கப் படித்தும் காட்டினேன். எனக்கு விழப்போகிற திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாருடி அந்த சரோஜா?" என்றார் மாமி.

"கதையில வர்றவ மாமி..."

"அது தெரியறது. எந்த ஆத்துல இருக்கா?"

பக்கத்துத் தெருவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அந்தத் தெருக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான் என்று இன்னொருவர். நம் லாரியை நடுவழியில் அவர்கள் மடக்கியிருப்பார்கள் என்று மூன்றாமவர். இரண்டே நிமிஷத்தில் கூட்டம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டது. முன்னணியில் வைதேகி மாமி, பக்கத்திலேயே பக்கெட்டோடு என் கணவர். போகிற போக்கில் மாமி திரும்பி என்னிடம் சொன்னார்: "உன் மேல தப்பில்லேடி. நீ கரெக்டாத்தான் போட்டிருந்தே."

தெரு காலியானது. அவ்வளவுதான், 'ஒரு தாள்' கதை முடிந்தது என்று வேப்பமரத்தடியில் போய் நின்றேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மறைப்பானேன், வந்தேவிட்டது.

"இன்னாம்மா, கண்ணுல கரி பட்டுச்சா?"

கஜேந்திரன். பெட்டியில் கரியைப் போட்டு விசிறிக்கொண்டு இருந்தார். ஏழு மணிக்கு முன்னால் வண்டியை எடுக்காதவர், அன்றைக்கு ஆறுக்கே ஆஜர். அவரைச் சுற்றிலும் பார்த்தேன். வண்டி இருந்தது, கரி இருந்தது.

"உங்க குடம் எங்க கஜேந்திரன்?"

"எனக்கு எதுக்கும்மா கொடம்?"

"லாரி வருதுன்னு போட்டிருந்துதே..."

"அத்தான் ரெண்டாவது பாராலயே பொய்யின்னு போட்டுக்கிறீங்களே."

"நீங்க படிச்சீங்களா?"

"மாசா மாசம் படிக்கிறேன்மா. பொட்டி சூடாவற வரிக்கும் வேற இன்னா வேலை? ஒரு கதை முடியறதுக்கும் கரி புடிக்கறதுக்கும் கரீட்டா இருக்கும். இப்பதான் கொஞ்ச நாளா கதையைச் சின்னதாக்கிட்டீங்க... கரியே புடிக்க மாட்டேங்குது."

"இத்தனை நாள் ஏன் சொல்லவே இல்ல?"

"எல்லார் கைலயும் சீட்டு குடுத்துக் கேட்டீங்க. என் கைல கேக்கலியே."

வெட்கமாகப் போய்விட்டது. தெரு முழுக்கக் கருத்துக் கேட்ட சீட்டுகளைச் சுமந்துகொண்டு போனவர் அவர். அவருக்கு ஒரு சீட்டு கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அத வுடுங்க," என்று கையை வீசினார். அவருக்கு அதைவிட முக்கியமான விஷயம் இருந்தது.

"கதை நல்லாத்தான் கீது. ஆனா கடைசில சரோஜா உடனே ஓடிப் போயி எல்லாரையும் கூப்டுது பாருங்க, அது சரியில்லம்மா."

"ஏன்? அவளுக்கு மனசு கேக்கல..."

"மனசு கேக்காதுதான். அதுக்குன்னு ஒரே ஒரு கொடத்தோடயா ஓடுவா? பொம்பள காலங்காத்தால அவ்ளோ பெரிய பொய்ய சொல்லிட்டு வந்துகீறா. ஒரு நாலு கொடமாச்சும் ரொப்பிக்கினு, அப்பால மனசு கேக்காம போயிருப்பா."

நின்று யோசித்தேன். சத்தியமாக அதுதான் சரியான முடிவு. எழுதின எனக்கே தெரியாத சரோஜாவை இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த எழுத்தாளருக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அப்புறம்தான் திடீரென்று உறைத்தது.

"இருங்க கஜேந்திரன். லாரி வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். இத்தனை பேரும் உங்க வண்டியைச் சுத்தித்தானே குடத்தை வச்சாங்க? லாரி வருமான்னு உங்ககிட்ட கேக்கலையா?"

"கேட்டாங்களே! மாமிகூட ரெண்டு தபா கேட்டாங்க. பேப்பர்ல போட்டுக்குது, பட்ச்சிப் பாருங்கன்னு சொன்னேன்."

"வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

விசிறுவதை நிறுத்திவிட்டு, என்ன மனுஷி இவள் என்பது போல என்னைப் பார்த்தார்.

"சொல்ட்டா... கதை கெட்டுப்பூடாதாம்மா?"

'ஒரு தாள்' தொடர்கிறது. அடுத்த மாதம் முழுத் தாளுக்கும் கதை மட்டும்தான், கரி நன்றாகப் பிடிக்கிற நீளத்தில். கஜேந்திரன் தெரிந்தே அவர்களை நிற்கவைத்த விஷயத்தைப் பற்றி எங்கள் தெருவில் நான் மூச்சுகூட விடவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டாயே, அவர்கள் படித்துவிட்டால் அந்த மனிதர் கதி என்ன என்கிறீர்களா?

கவலைப்படாதீர்கள் — இது கடைசிப் பாரா.